தொண்ணூற்றிரண்டில் ஏணிப் பாட்டு

மார்ச் 4, திங்கள்

புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். ஓய்வுபெற்ற தபால்காரர். பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆகிறது. வலது கால் தரையைக் கூட்டிக்கொண்டே வருகிறது. முப்பத்தைந்து வருஷம் தெருத்தெருவாக நடந்த மனுஷன், இன்றைக்கு எங்கள் நடைப்பயிற்சி அறையில் கம்பிகளுக்கு நடுவே பத்து மீட்டர் போவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. கடிகாரத்தை வைத்து எண்ணினேன். நிமிஷத்துக்கு 58 அடி.

தாளத்துக்கு நடந்தால் கால் தன் ஒழுங்கைத் திரும்பக் கற்றுக்கொள்ளும். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. டிக் டிக் பெட்டியை 58இல் வைத்தேன். நாலு அடி வைத்ததும் நின்றுவிட்டார்.

"நிறுத்துங்கம்மா. மேலதிகாரி மேஜையைத் தட்டுற மாதிரியே இருக்கு."

"அப்ப என்ன பாட்டு பிடிக்கும், சொல்லுங்க. போடறேன்."

"ஏணிப் பாட்டு."

எனக்கு ஒரு நொடி கை ஓடவில்லை. பிறகு போட்டேன். சுவருக்கு வர்ணம் அடிக்கும் கதாநாயகன் ஏணிமேல் நின்றபடி ஜன்னல் பெண்ணைப் பார்த்துப் பாடுவது. படத்தின் பெயரை மறந்தவர்கள்கூட அந்தப் பாட்டை மறக்கவில்லை. அதன் வேகம் நிமிஷத்துக்கு 126 தட்டு. தபால்காரரின் கால்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. இடுப்புப் பட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

வீட்டில் அந்தப் பாட்டு கேட்டுப் பதினாலு மாதம் ஆகிறது.

மார்ச் 5, செவ்வாய்

ஃபோனில் பாட்டின் வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் போட்டுப் பார்த்தேன். பாடகர் பல் பிடுங்கிய கையோடு பாட வந்தவர் மாதிரி இழுத்தார்.

தபால்காரர் காது கொடுத்துக் கேட்டார். "ஏம்மா, இவருக்கும் பக்கவாதமா?"

மார்ச் 7, வியாழன்

வேறு வழியில்லை. யாராவது நிஜமாகவே மெதுவாகப் பாடியிருக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் தேடினேன். கையில் சோற்றுக் கரண்டி, காதில் ஏணிப் பாட்டு. எத்தனை பேர் பாடியிருக்கிறார்கள்! நீள முடிக்காரர்கள் நாலு பேர் கிடாரை உடைக்காத குறையாக ஒன்று: 160. மொட்டை மாடியில் ஒரு பெண், காற்றில் பாதி வார்த்தை பறந்துபோன ஒன்று: 104. யாரோ ஒரு அப்பா, தூங்காத குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு: 80 இருக்கும், நடுவில் கொட்டாவி. 60 பக்கம் எதுவும் கிடைக்கவில்லை.

கிடைக்காது என்று தெரிந்தேதான் தேடினேனா? யாரிடம் கேட்டால் கிடைக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன.

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. லிஃப்டுக்குள் எப்போதும் ஏதாவது பழைய பாட்டைக் கீபோர்டில் தேய்த்துப் போட்டுக்கொண்டிருப்பார்களே, அதில் ஆரம்பித்த பைத்தியம். ஒரு நாள் எங்கள் ஆஸ்பத்திரி லிஃப்டில் பாதி உடம்பை உள்ளே விட்டுக்கொண்டு வேலை செய்தபோது புல்லாங்குழலில் ஏணிப் பாட்டைக் கேட்டிருக்கிறார். "லிஃப்டுக்குள்ள ஏணிப் பாட்டு. யாருக்குப்பா இவ்வளவு குசும்பு?" என்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து வேறு ஆட்கள் பாடினதை, வாசித்ததை, அடித்ததையெல்லாம் சேர்க்க ஆரம்பித்தார். ஏணிப் பாட்டு மட்டும் முப்பத்தொரு விதம். ஒரு நோட்டில் வரிசையாக எழுதி, பக்கத்தில் ஏதோ எண்கள் வேறு.

"ஒரே சட்டையை முப்பத்தொரு தடவை துவைச்ச மாதிரி இருக்கு" என்று சொன்னவள் நான்.

மார்ச் 10, ஞாயிறு

ஞாயிறு பதினோரு மணிக்கு அவர் கூப்பிடுவார். மகளின் பரீட்சை, கேஸ், தண்ணீர்த் தொட்டி. ஏழு நிமிஷத்தில் முடிந்துவிடும். வக்கீல் இல்லை, சண்டை இல்லை. அவர் வேலை பார்க்கும் ஊர் வேறு, அவ்வளவுதான் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறோம். மகள் படிக்கும் ஊரும் அதுவே என்பதால் யாரும் துருவிக் கேட்பதில்லை.

"தண்ணித் தொட்டி?"

"நல்லா இருக்கு."

"கேஸ்?"

"போன வாரம் வந்துச்சு."

"ம்."

அந்த "ம்"முக்குப் பிறகு வழக்கமாக வைத்துவிடுவோம். இன்று வைக்கவில்லை.

"ஏணிப் பாட்டு அறுபதுல இருக்கா?"

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்தது. ஸ்பூனாக இருக்கலாம்.

"நிமிஷத்துக்கு அறுபதா?"

"ஆமா. ஒரு பேஷண்டுக்கு."

"அறுபதுல ஒரு சர்ச் பாடகர் குழு இருக்கு. அறுபத்தாறுல அக்கார்டியன். ஒரு பொண்ணு வெறும் குரல்ல பாடினது எழுபத்திரண்டு. எல்லாம் இருக்கு. எக்ஸ்பிரஸ், நீயா கேக்கறே?"

எக்ஸ்பிரஸ். கல்யாணமான முதல் வாரத்தில், என் நடையைப் பார்த்து அவர் வைத்த பெயர். அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட இப்போது ஊரில் ஆளே இல்லை.

மார்ச் 11, திங்கள்

சர்ச் குழு. நாற்பது பேர், பின்னால் ஆர்கன். ஏணியில் நின்று கண்ணடித்த பாட்டு, கைகட்டி நின்று பாடினால் இப்படியா மாறும்?

"என்னம்மா, என்னை அடக்கம் பண்ணிட்டீங்களா?" என்றார் தபால்காரர். ஆனால் வலது கால் சரியாக அந்தத் தாளத்தில் வந்து விழுந்தது. இரண்டு தடவை போய்த் திரும்பினார். 60.

மார்ச் 12, செவ்வாய்

காலையில் அக்கார்டியன் வந்தது. 66. கூடவே ஒரு வார்த்தைகூட இல்லை. நானும் ஒன்றும் எழுதவில்லை.

மார்ச் 15, வெள்ளி

தினமும் ஒன்று வருகிறது, நான் பஸ்ஸுக்கு நிற்கும் நேரம் பார்த்து. தபால்காரருக்குத் தேவைக்கு மேலேயே வந்துவிட்டது. சொல்லி நிறுத்தலாம். சொல்லவில்லை.

இன்றைக்கு அந்தப் பெண் வெறும் குரலில் பாடியது. 72. பாட்டில் ஒரு வரி வரும்: சுவர் காயுமுன்னே ஒரு வார்த்தை சொல்லு. அசலில் அதைப் பாடும்போது பிரஷ்ஷால் ஜன்னல் கதவில் ஒரு புள்ளி வைப்பான், தியேட்டரே விசிலடிக்கும். வெறும் குறும்பு. இவள் பாடினால் குறும்பே இல்லை. நிஜமாகவே ஒரு வார்த்தைக்காக நிற்கிறாள். அவள் நிறுத்தும் இடத்தில் பதில் வரும் என்று நானும் காத்திருந்தேன். பஸ்ஸை விட்டுவிட்டேன். எனக்கு இது புதுசு, நான் பஸ்ஸை விடுகிற ஜாதி இல்லை.

ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இது ஒரே பாட்டு இல்லை.

மார்ச் 17, ஞாயிறு

நாற்பத்தொரு நிமிஷம்.

தொட்டி, கேஸ் எல்லாம் இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. மீதி முழுக்க ஏணிப் பாட்டு. ஒரு தீவுக்காரர் ரெகே மாதிரி பாடியதில் ஏணி ஆடுகிற மாதிரியே இருக்கிறது என்று நான் சொன்னேன். அவர் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தால் கடைசியில் ஒரு இருமல் வருமே, அதோடு. வைத்த பிறகு சமையலறையில் நின்றுகொண்டே இருந்தேன். அடுப்பில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியவில்லை. பருப்பு கரைந்து கூழாகிவிட்டது.

இதை வேறு எங்கும் எழுத முடியாது, இங்கேயாவது எழுதுகிறேன். எனக்கு இவர் வேண்டும். இந்த வீட்டில், காலையில் குளியலறைக் கதவைச் சரியாகச் சாத்தாமல், துண்டை நாற்காலியில் போட்டுக்கொண்டு, இங்கேயே வேண்டும்.

மார்ச் 20, புதன்

அன்றைக்கு நடந்ததை நான் எழுதி வைக்கவே இல்லை. இப்போது எழுதுகிறேன்.

போன வருஷம் ஜனவரி. ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்கு இருவரும் நடந்தே போவோம். நான் முன்னால், அவர் பின்னால். அப்படித்தான் எப்போதும். நான் பேசிக்கொண்டே போவேன். அன்று மகள் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து வீடு எப்படி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போனேன். எனக்கு எளிதில் வராத பேச்சு அது. பதில் இல்லையே என்று திரும்பினால், காதில் இயர்ஃபோன்.

அது முதல் தடவை இல்லை. இரண்டு மூன்று வருஷமாகவே அப்படித்தான். என்னோடு வெளியே கிளம்பினால் போதும், பாக்கெட்டிலிருந்து அந்த வயர் வந்துவிடும். தனியாக லிஃப்ட் வேலைக்குப் போகும்போது போடமாட்டார். வீட்டில் போடமாட்டார். என்னோடு நடக்கும்போது மட்டும்.

நடுத்தெருவில் வயரைப் பிடுங்கினேன். "என்கூட வரப் பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லுங்க. காதை ஏன் மூடறீங்க?" பழக்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. குனிந்து வயரை எடுத்துத் துடைத்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். அதே மாதக் கடைசியில், இரண்டு தடவை வேண்டாம் என்று தட்டிக்கழித்த இடமாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

அன்று அவர் சொல்ல வந்தது என்ன? கேட்கவே இல்லை நான்.

மார்ச் 24, ஞாயிறு

தபால்காரர் 72க்கு வந்துவிட்டார். மேலே போகப் போக என்னென்ன இருக்கிறது என்று ஃபோனில் இவரிடம் கேட்டேன். நோட்டைப் பார்க்காமலேயே ஒப்பித்தார். எழுபத்தெட்டு, எண்பத்துநாலு, நூற்றிநாலு, அது இது.

"கடைசியா நூத்தி இருபத்துநாலுல ஒண்ணு இருக்கு. பேண்டு வாத்தியக்காரங்க வாசிச்சது. அது உன் தபால்காரருக்கு வேணாம். ஓடணும்."

"அனுப்புங்க, கேக்கறேன். எதுக்கு எல்லாத்துக்கும் வேகம் குறிச்சு வச்சிருக்கீங்க? நான்தான் அப்படிக் குறிக்கணும். இது என் தொழில்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் மட்டும்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன். அந்த நூத்தி இருபத்துநாலுலதான் உன்கூட நடந்தேன்" என்றார்.

"புரியலை."

"நீ நூத்தி இருபத்துநாலு. நீயே சொல்லியிருக்கே, உன் டிரெய்னிங்ல எண்ணினாங்கன்னு. எனக்கு அது வரலை. நாப்பத்தஞ்சு தாண்டினதுக்கு அப்புறம் சுத்தமா வரலை. அந்த பேண்டைக் காதுல போட்டா கால் தானா வந்துரும். இல்லேன்னா பாதித் தெருவுல நீ காணாம போயிடுவே."

ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"சொல்லலாம்னுதான். பொண்டாட்டி நடைக்குப் பாட்டுப் போட்டுப் பழகறேன்னு எப்படிச் சொல்றது? அதுவும் உன்கிட்ட."

மார்ச் 25, திங்கள்

லீவு போட்டேன். தலைவலி என்று சொன்னேன்.

எத்தனை பேரை நடக்க வெச்சிருக்கேன். பாட்டைப் போட்டு, பின்னாடியே போய், விழாம பிடிச்சு. கால் தாளத்துக்கு வருதா இல்லையான்னு அந்த அறையோட வாசல்ல நின்னே சொல்லிடுவேன். எங்க வீட்டு மனுஷன் மூணு வருஷம் என் பின்னாடியே தாளத்துக்கு நடந்திருக்காரு. எனக்குத் தெரியலை. எப்படித் தெரியும்? திரும்பிப் பார்த்தாத்தானே. திரும்பிப் பார்த்தது ஒரே தடவை. அன்னைக்கு வயரைப் பிடுங்கினேன்.

மாணவிகளுக்கு முதல் நாள் முதல் பாடமாக நான் எழுதிப் போடுவது: நடப்பவருக்கு முன்னால் போகாதே. அரை அடி பின்னால், பலவீனமான பக்கத்தில் நில். அவருடைய வேகம்தான் உன் வேகம்.

என் கையெழுத்து. போர்டில் இன்னும் இருக்கும்.

மார்ச் 28, வியாழன்

பஸ்ஸில் ஏறாமல், பேண்டு வாத்தியத்தைக் காதில் போட்டுக்கொண்டு வேலைக்கு நடந்தேன். டிரம்பெட்டும் பெரிய டிரம்மும். என் கால் ஒவ்வொன்றும் அதன்மேல் அச்சு மாதிரி விழுந்தது. எனக்கு முயற்சியே இல்லை. அவர் எப்படி மூச்சு வாங்கியிருப்பார்.

பாட்டு முடிந்ததும் மறுபடி ஆரம்பித்தது. அது முடிந்ததும் மறுபடி. நாலு தடவை ஒட்டி வைத்திருக்கிறார். மொத்தம் பன்னிரண்டு நிமிஷம்.

எங்கள் வீட்டிலிருந்து மார்க்கெட் பன்னிரண்டு நிமிஷம். என் நடைக்கு.

மார்ச் 31, ஞாயிறு

மன்னிப்புக் கேட்கலாம் என்று காலையிலிருந்து வாக்கியம் ஜோடித்து வைத்திருந்தேன். பதினோரு மணிக்கு ஃபோன் வந்தது. தண்ணீர்த் தொட்டியைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினோம். அடியில் லேசாகக் கசிகிற மாதிரி இருக்கிறது என்று நானே ஒரு பொய் சொன்னேன். அவர் வாஷர், வால்வு என்று விவரமாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன்.

தொட்டியில் ஒன்றுமில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

தபால்காரர்: 78. வார்டு நர்ஸ்: 110. எதிர்வீட்டு அம்மாள்: 86. மகள், அவசரமானால் என்னைப் போல், இல்லையென்றால் 98.

அவர்?

தெரியவில்லை. என்னுடன் நடக்கும்போது 124, அது அவருடையது இல்லை. தனியாக விட்டால் அவர் எவ்வளவு? இருபத்தோரு வருஷம் குடும்பம் நடத்திவிட்டுத் தெரியவில்லை என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

மகளுக்குச் செய்தி அனுப்பினேன்: சனிக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போகும்போது அவருக்குத் தெரியாமல் ஒரு நிமிஷம் அவர் நடப்பதை வீடியோ எடுத்து அனுப்பு.

"அம்மா, உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று பதில் வந்தது. ஐந்து நிமிஷம் கழித்து, "சரி."

ஏப்ரல் 6, சனி

வீடியோ வந்தது. ஒரு நிமிஷம் பத்து நொடி. பின்னாலிருந்து எடுத்திருக்கிறாள். சாம்பல் சட்டை, கையில் ஒரு பை, நடைபாதை ஓரமாகப் போகிறார். இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது, கருவிப் பெட்டி தூக்கித் தூக்கி. பின்னந்தலையில் முடி இவ்வளவு கொட்டியிருக்கிறதா? ஒரு கடை வாசலில் ஏதோ பாட்டுக் கேட்டிருக்க வேண்டும். நிற்காமலே தலையை மட்டும் அந்தப் பக்கம் சாய்க்கிறார்.

எண்ண வேண்டும் என்பதே மறந்துவிட்டது. அவர் நடந்து போவதைப் பின்னாலிருந்து நான் பார்த்ததேயில்லை. எப்போதும் நான்தானே முன்னால்.

நாலாவது தடவை போட்டுத்தான் எண்ணினேன். 92.

ஏப்ரல் 7, ஞாயிறு

வீடியோ பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தொட்டி அப்படியேதான் கசிகிறது என்றேன்.

அவர் வைத்திருக்கும் முப்பத்தொன்றிலும் 92 கிடையாது. நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார், இரண்டு தடவை பார்த்துவிட்டேன். தன் நடைக்கு ஒன்றுகூடத் தேடி வைத்துக்கொள்ளவில்லை.

நான் தேடுகிறேன்.

ஏப்ரல் 10, புதன்

கல்லூரிப் பையன்கள் வாயாலேயே எல்லா வாத்தியமும்: 100. பியானோவில் ஒரு முதியவர், ஒரு கையால் மட்டும்: 88. தூக்கம் வரவழைக்கும் இசை என்று போட்டு ஏணிப் பாட்டை அடித்துத் துவைத்த ஒன்று: 50, நான் நிஜமாகவே தூங்கிவிட்டேன். ஒரு ஜாஸ் குழு 92இல் ஆரம்பித்து, சாக்ஸஃபோன்காரர் உள்ளே நுழைந்ததும் எங்கேயோ போய்விட்டது. அவ்வளவு ஆத்திரம் எனக்கு யார்மேலும் வந்ததில்லை.

இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டவளுக்கு இப்போது மதியச் சாப்பாடு இறங்குவதில்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

கிடைத்துவிட்டது.

ஏதோ ஒரு ஊரில் ஒரு சலவைக்கடை. இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு படுக்கை விரிப்பு மடிக்கிறார்கள். துணியை உதறும் சத்தம்தான் தாளம். உதறி, மடித்து, நெருங்கி வந்து முனையைக் கொடுத்து, விலகி, மறுபடி உதறி. அதற்கு ஏற்ற மாதிரி ஏணிப் பாட்டு. நல்ல குரல் என்று சொல்ல முடியாது. ஒருத்தி கொஞ்சம் முந்தினால் மற்றவள் துணியை இழுத்துப் பிடித்துக்கொள்கிறாள், அவளும் நின்று சேர்ந்துகொள்கிறாள். 'சுவர் காயுமுன்னே' வரும்போது இரண்டு பேருக்கும் சிரிப்பு. பார்த்தவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர். எண்ணினேன், மறுபடி எண்ணினேன். முதலிலிருந்து கடைசி வரை 92.

ஒரு வார்த்தையும் எழுதாமல் அவருக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் பதில்.

"இது என்கிட்ட இல்லையே. எங்க பிடிச்சே?"

பிறகு, "தொண்ணூத்திரண்டா?"

பிறகு, "தபால்காரருக்கா? அவர் அவ்வளவு தூரம் வந்துட்டாரா?"

ரொம்ப நேரம் கட்டைவிரலை வைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு அடித்தேன்: "எனக்கு."

பதில் வரவில்லை. புரியவில்லையோ. புரிந்ததால் வரவில்லையோ.

ஏப்ரல் 16, செவ்வாய்

வேலை முடிந்து சலவைக்காரிகளைக் காதில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறேன், நாலு நாளாக. முதல் நாள் முட்டிக்குக் கீழே வலித்தது. பாட்டு முடியும் முன்பே கால் பிய்த்துக்கொண்டு ஓடப் பார்க்கிறது. ஸ்கூல் விட்ட பிள்ளைகள் என்னை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தார்கள். நோயாளிகள் என்னிடம் திட்டு வாங்கியதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

மார்க்கெட் வழியில் ஒரு வீட்டில் பச்சை நிறத் தபால் பெட்டி இருக்கிறது. துருவைப் பார்த்தால் பல வருஷமாக அங்கேதான் இருந்திருக்க வேண்டும். இன்றுதான் பார்த்தேன்.

வீட்டிலிருந்து மார்க்கெட், 92இல், பதினாறு நிமிஷம்.

ஏப்ரல் 19, வெள்ளி

தபால்காரர் கிளம்பிவிட்டார். 84, கையில் ஒரு கோல் மட்டும். வாசலில் கார் வரை நடந்தே போனார். நான் அரை அடி பின்னால், வலது பக்கம்.

"முப்பத்தஞ்சு வருஷம் என் பின்னாடி வந்ததெல்லாம் நாய்ங்கதான்மா. ஒரு மனுஷி வந்தது நீங்கதான்."

அவர் மனைவி, "வாயைக் குறைங்க, கார்ல ஏறுங்க" என்றார். தபால்காரர் ஏறிவிட்டுக் கண்ணாடியை இறக்கி, அந்த அடக்கம் பண்ணுகிற பாட்டைத் தன் ஃபோனில் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டார். போட்டுக் கொடுத்தேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

"அடுத்த சனி, ஞாயிறு லீவு கிடைச்சிருக்கு" என்றார்.

"ம்."

"வரலாம்னு பார்க்கறேன். அந்தத் தொட்டியை அப்படியே விடக்கூடாது. கசிவு பெரிசாயிடும்."

"ஆமா" என்றேன். "ரொம்பக் கசியுது."

ஏப்ரல் 27, சனி

வந்தார். மெலிந்திருக்கிறார். விருந்தாளி மாதிரி செருப்பை வாசலில் ஒழுங்காக விட்டார். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

காபி குடித்ததும் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். அரை மணி நேரம் கழித்து இறங்கி வந்தார். கை காய்ந்தே இருந்தது.

"தொட்டியில ஒண்ணும் இல்லை."

"தெரியும்."

என்னைப் பார்த்தார். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "அன்னைக்கு வயரைப் பிடுங்கினது தப்பு" என்று வெண்டைக்காயிடம் சொன்னேன். "திரும்பிப் பார்க்காம போனது அதைவிடப் பெரிய தப்பு." ஜோடித்து வைத்திருந்த வாக்கியம் இது இல்லை, அது எங்கேயோ தொலைந்துவிட்டது.

அவர் எதிரில் உட்கார்ந்து, நறுக்கின காய்களை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். குளித்துவிட்டு வந்தபோது துண்டை நாற்காலியில் போட்டார்.

ஏப்ரல் 28, ஞாயிறு

திங்கள் காலை எட்டு மணிக்கு ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டில் அவருக்கு வேலை. மாலை நாலரை பஸ்ஸை விட்டால் அந்த ஊருக்கு அடுத்த பஸ் மறுநாள் காலையில்தான். பஸ் நிலையம் மார்க்கெட்டைத் தாண்டி இருக்கிறது. நாலு மணிக்குக் கிளம்பியிருந்தால் சாவகாசமாகப் போயிருக்கலாம். மகளுக்கு முறுக்கு டப்பாவைத் தேடி, மூடியைத் தேடி, கிளம்பும்போது நாலே கால்.

கேட்டைத் தாண்டியதும் அவர் கை தானாகப் பாக்கெட்டுக்குள் போய் வயரை எடுத்தது. எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். கூச்சப்பட்டார்.

"வேணாம்" என்றேன்.

"பஸ்ஸு போயிடும், எக்ஸ்பிரஸ்."

"நடங்க."

வயரைச் சுருட்டி வைத்துக்கொண்டு நடந்தார். நான் அரை அடி பின்னால், தாழ்ந்த தோள் பக்கம். நாலு வீடு தாண்டினதும் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் பின்னாடியே வர்றே?"

"வேலைப் பழக்கம்."

அதற்குப் பிறகு பக்கத்தில் வரச் சொன்னார். போனேன். காதில் ஒன்றுமில்லை, இரண்டு பேருக்கும். மகள் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து வீடு எப்படி இருக்கிறது என்று அன்றைக்குப் பாதியில் விட்டதைச் சொல்லிக்கொண்டு வந்தேன். பச்சைத் தபால் பெட்டியைக் காட்டினேன். "இது எப்பவும் இங்கதானே இருக்கு" என்றார். பழக்கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு ஆரஞ்சுகளை அடுக்குவதில் மும்முரமானார்.

மார்க்கெட் முனைக்கு வந்தபோது பஸ் ஒன்று நிலையத்திலிருந்து வெளியே வந்து திரும்பிக்கொண்டிருந்தது. அவருடைய பஸ்தான், நம்பர் தெரிந்தது. சிக்னலில் நின்றது. ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். 124இல் நடந்திருந்தால்கூடப் பிடித்திருக்கலாம்.

அவர் என் காலைப் பார்த்தார். நான் எண்ணிக்கொண்டே வந்தேன், 92. சிக்னல் விழுந்தது, பஸ் போய்விட்டது.